உளுத்த ஜன்னலும் உபாயம் தெரிந்தவனும்

மகேந்திரவர்ம பல்லவரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்துவிட்டு, இதில் செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று கல்வெட்டில் பெருமையாகப் பொறித்துவைத்தவர் அவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. அந்த நாலு இல்லைகளுக்கும் அறிஞர்கள் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மனிதர் எப்போதோ கடற்கரையில் வீடு கட்டி, கிழக்குப் பக்கம் மரத்தில் ஜன்னல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

என் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ராத்திரியில் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. உத்தியோகம் செங்கல்பட்டில். வீட்டைக் கட்டியவர் மாமனார். கடல் காற்று வரட்டும் என்று கிழக்கே பெரிய ஜன்னலாக வைத்தார். “நல்ல மரம் மாப்பிள்ளை, நம்ம காலத்துக்கு ஒண்ணும் ஆகாது” என்பார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவர் காலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் மனைவி. ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், “என்னங்க, இது உள்ள போவுது” என்றாள். ஜன்னல் எங்கே போகும் என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனேன். அடிச்சட்டமும் நிற்கும் காலும் சேர்கிற மூலையில் அவள் கட்டைவிரல் பதிந்திருந்தது. திருப்புளியை எடுத்துக் குத்தினேன். பிடி வரை போனது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே மரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது.

எதையும் செய்வதற்கு முன்னால் அதைப் பற்றிப் படித்துவிடுவது என் பழக்கம். படித்த பிறகு செய்யாமல் இருப்பதும் என் பழக்கம்தான். ஆகவே அன்று சாயங்காலமே மனைவிக்குப் பூஞ்சை பற்றி வகுப்பெடுத்தேன். மரம் தானாக உளுப்பதில்லை, பூஞ்சை அதைத் தின்கிறது. அதற்குக் காற்று வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், ஈரம் வேண்டும். காய்ந்த மரத்தின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால்தான் ஆபத்து ஆரம்பிக்கும். அதற்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் எதுவும் செய்ய முடியாது. நம் ஊரில் காற்றையும் வெதுவெதுப்பையும் நிறுத்த முடியாது, ஆகவே நாம் கவனிக்க வேண்டியது தண்ணீரை மட்டும்தான். இவ்வளவையும் தெளிவாக விளக்கினேன். விளக்கி முடித்துவிட்டு, மறுநாள் செங்கல்பட்டில் இறங்கி பெயிண்ட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தண்ணீர்தான் எதிரி என்று தெரிந்த ஒருவன், உள்ளே தண்ணீர் ஊறிய மரத்தின் மேல் ஏன் எண்ணெய்ப் பெயிண்டைப் பூசுகிறான்? பெயிண்ட் தண்ணீரை உள்ளே விடாது என்பது பாதி உண்மை. சட்டங்கள் சேரும் இடத்தில் வெயிலுக்கு மரம் சுருங்கும்போது முடி அளவு விரிசல் விழும். அந்த வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் திரும்பி வெளியே வருவதற்குத்தான் வழி இருக்காது. பெயிண்டின் மறுபாதி உண்மை அது. மரத்தின் பக்கவாட்டைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். ஜன்னல் காலின் வெட்டுமுனையோ நேராக அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆக, பூஞ்சைக்கு நான் குடிதண்ணீர் வசதியுடன் கூரையும் போட்டுக் கொடுத்திருந்தேன். ஆனால் பார்க்க லட்சணமாக இருந்தது. தீபாவளிக்கு வந்த மச்சான், “ஜன்னலை மாத்திட்டீங்களா?” என்று கேட்டான். நான் மறுக்கவில்லை.

ஐப்பசி மழை வந்தது. இந்தக் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது கடல் பக்கத்திலிருந்து சாய்வாக வரும். கிழக்குப் பார்த்த ஜன்னல் அதன் முழு மரியாதையையும் வாங்கிக்கொள்ளும். கார்த்திகைக்குள் பெயிண்ட் கொப்புளம் போட்டது. கொப்புளத்தைக் கிள்ளினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் அதைத் தொடர்ந்து மரமும் வந்தன.

அடுத்தது பட்டி. மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பள்ளத்தில் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். தேய்க்கும்போது எனக்குள் ஒரு தச்சன் உறங்கிக் கிடந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த மழையில் பட்டி ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. அவன் மறுபடி உறங்கப் போய்விட்டான். பிறகு சிமெண்ட் வைத்தேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பள்ளம் என்றால் சிமெண்ட் என்று நம் கை பழகிவிட்டது. சுவருக்கும் மரத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பது கைக்குத் தெரிவதில்லை. மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சிமெண்ட் அந்தப் போக்குக்கு வராது. சுருங்கிய மரத்துக்கும் அசையாத சிமெண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். அதில் தண்ணீர் தேங்கும். சிமெண்ட் தானும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, மரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் உளுப்பு ஒரு சாண் ஏறியது.

இந்த நிலையில்தான் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போனேன். இடிபட இருந்த பழைய வீடுகளைத் தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, தூண் தூணாக, சட்டம் சட்டமாக மறுபடி எழுப்பி, 1996-இல் திறந்த இடம். வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். மற்றவர்கள் அங்கே தோல்பாவையும் மண்பாண்டமும் பார்ப்பார்கள். நான் ஜன்னல்களைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட அழுத்தினேன் என்பதே சரி. செட்டிநாட்டு வீட்டிலும் கேரளத்து மர வீட்டிலும் சட்டத்தின் அடிமூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக, ஒரு காவலர் பின்னாலேயே வந்தார். “தொடாதீங்க சார்” என்றார். எங்கேயும் விரல் பதியவில்லை. எல்லாம் தேக்கு, பழைய மரம், வைரம் பாய்ந்தது, அந்தக் காலத்து ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று பெருமூச்சு விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மரத்தை மட்டுமே பார்த்துவிட்டு வந்தேன். அங்கே தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் அடுத்த செலவு மிச்சமாகியிருக்கும்.

அடுத்த செலவு எபாக்சி. வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு ஜன்னலை அதைக் கொண்டு சரிசெய்கிற காணொளியைப் பார்த்தேன். அவர் முதலில் உளுத்ததை முழுக்க வெட்டி எடுக்கிறார், காயவிடுகிறார், அதற்கு ஒரு நாள் பொறுக்கிறார். அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். இரண்டு டப்பாக்களைக் கலக்கும் இடத்திலிருந்து நான் கவனமாக இருந்தேன். ஒரே தடவையில் நிறையக் கலந்துவிட்டால் அது தன் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் இறுகும் என்பது, டம்ளர் கையைச் சுட்டபோது தெரிந்தது. அவசரமாக அள்ளி அப்பினேன். அப்பியது இறுகியது. இறுகியபின் பார்த்தால், கதவு வந்து உட்கார வேண்டிய காடியிலும் அது ஏறி நின்றது. ஜன்னல் கதவு ஒரு விரல்கடை திறந்தபடியே நின்றது. உப்புத்தாளால் தேய்த்தேன். உப்புத்தாள்தான் தேய்ந்தது. “மழை முடியட்டும், பார்த்துக்கலாம்” என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அது 2022-ஆம் வருஷம். டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. எங்கே என்று கேட்டால், மாமல்லபுரம் அருகே. டெல்லியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் உறவினர்கள் போன் செய்து, “உங்க ஊர்தான் டிவியில வருது” என்றார்கள். எங்கள் ஊர் டிவியில் வந்த நேரத்தில் நான் கரண்ட் இல்லாத ஹாலில், மனைவியின் பழைய சேலை ஒன்றால் ஜன்னல் கதவைப் பீரோவின் காலோடு கட்டி, அந்தச் சேலைக்கு என் முதுகைத் துணைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு விரல்கடைச் சந்துக்குள் புயலின் எவ்வளவு பகுதி நுழைய முடியும் என்பதை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். காற்று இழுக்கும்போது பீரோ நகர்ந்தது. பீரோவோடு நானும் நகர்ந்தேன். “அந்த மனுஷன் எப்படி ஒட்டினாரோ அப்படியே செஞ்சேன்னு சொன்னீங்களே” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. வாயில் உப்புத் தண்ணீர்.

விடிந்ததும் பார்த்தோம். நான் அப்பிய எபாக்சி அப்படியே முழுசாகத் தரையில் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. அது ஒட்டியிருந்த மரம்தான் இல்லை.

திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஓர் ஆசாரி வந்தார். வயதானவர். பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே ஜன்னலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெயிண்ட், சிமெண்ட் என்று நான் செய்ததில் மிஞ்சியதெல்லாம் அதில் படிந்திருந்தது. ஒவ்வொன்றாக உளியால் பெயர்த்துப் பார்த்தார்.

“இன்னா சார் இது, யாரு பண்ணது?”

சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வேறு வந்தது. “முன்னாடி ஒருத்தர் வந்தார்…”

“அவன்லாம் ஒரு ஆளா சார்? மரத்துல சிமெண்ட்டு வெச்சிருக்கான் பாருங்க. கொஞ்சமாவது யோசன வேணாம்? காசு வேற குடுத்தீங்களா?”

“கொஞ்சம்” என்றேன்.

“நெறைய” என்றாள் மனைவி, காபியை நீட்டியபடி.

வேலை நடந்த நாட்களெல்லாம் ஆசாரி அந்த முன்னாடி வந்தவனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். நானும் தலையாட்டினேன். ஒரு கட்டத்தில் அந்த ஆள் மேல் எனக்கே கோபம் வந்தது.

முதல் நாள் அவர் மரவேலையைத் தொடவே இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்க என்று நினைத்தேன். வெளியே போய் ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடில் வீசி ஊற்றினார். தண்ணீர் விளிம்புக்கு வந்தது, கீழே விழவில்லை. அப்படியே அடிப்பக்கமாகத் திரும்பி, சிமெண்டை நக்கிக்கொண்டு சுவர் வரை வந்து, நேராக ஜன்னல் காலில் இறங்கியது. “மரத்துக்கு ஒண்ணும் வியாதி இல்ல சார். மேல பாருங்க” என்றார். சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி, ஒரு விரல் அகலக் காடி இருந்திருந்தால் தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். அவ்வளவுதான். பிறகு ரசமட்டத்தை ஜன்னலின் வெளிப்பக்கத் திண்டில் வைத்தார். சாய்வு வெளியே போவதற்குப் பதில் வீட்டுக்குள் பார்த்து இருந்தது. அடுத்து, ஜன்னல் கம்பிகள் சட்டத்துக்குள் நுழையும் இடங்களைக் காட்டினார். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பருத்து, உள்ளிருந்தபடியே சட்டத்தைப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுகளில் உப்பும் படிந்திருந்தது. உப்புக்கு மழை தேவையில்லை. சித்திரையிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும்.

இவ்வளவு வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்க, நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அலங்காரம் செய்திருக்கிறேன். இதில் என்ன வேடிக்கை என்றால், தண்ணீரை மட்டும் கவனித்தால் போதும் என்று வகுப்பெடுத்தவன் நான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சொம்பு ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. பள்ளம் கண்ணில் பட்டது. வருகிறவர்கள் கண்ணிலும் படுமே என்று பட்டது. என் ரிப்பேர் எல்லாம் வருகிறவர்களுக்காக நடந்தது.

உடனே வேலையை ஆரம்பிக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. “ஈர மரத்துல எத வெச்சாலும் நிக்காது. பொங்கல் போவட்டும்” என்றார். மாசி வெயிலில் சட்டம் நன்றாகக் காய்ந்தபின் வந்தார். உளுத்ததை வெட்டிக்கொண்டே போய், வைரம் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். வெட்டைச் சாய்வாக, வெளிப்பக்கம் பார்த்து இறங்குகிற மாதிரி வெட்டினார். நாளைக்கே தண்ணீர் இணைப்பில் புகுந்தாலும் வெளியே வழியட்டும் என்று. இடிக்கிற வீடுகளிலிருந்து மரம் வாங்கி விற்கும் கடையில் தேர்ந்தெடுத்த பழைய தேக்குத் துண்டை அதே சாய்வில் வெட்டி ஒட்டுப்போட்டார். தண்ணீருக்குக் கரையாத பசை. இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி. வெட்டுமுனைகளை எண்ணெய் குடிக்கும் வரை ஊறவைத்தார். காலின் அடி, திண்டின் சிமெண்டில் நேராக உட்காராமல் சின்ன இடைவெளியோடு நின்றது.

நான் உதவி செய்தேன். அதாவது, உதவி செய்ய அனுமதிக்கப்பட்டேன். மூலைமட்டத்தைக் கொடுத்து ஒரு துண்டில் கோடு போடச் சொன்னார். போட்டேன். அந்தக் கோட்டை நம்பி அவர் வெட்டினார். சாய்வு எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. நல்ல தேக்கு. ஆசாரி என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முன்னாடி வந்தவன் யார் என்பது அந்த நொடியில் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். “வீணாப் போவாது சார், ஆப்பு செதுக்கிக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவனை அவர் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வேலை முடிந்த வாரத்தில், ஆறுதல் தேடி ஐந்து ரதங்கள் பக்கம் போனேன். பழைய காரணம்தான். அரைகுறையாக வேலையை விடுகிறவனுக்கு மாமல்லபுரம் மாதிரி ஆறுதலான ஊர் கிடையாது. தர்மராஜ ரதத்தின் கீழ்ப்பகுதியை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் பாதியில் நிற்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. இதை மனைவியிடம் பல சந்தர்ப்பங்களில் சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

இந்தத் தடவை மேலே பார்த்தேன். ரதங்கள் அத்தனையும் மரவேலையைக் கல்லில் எடுத்தவை. திரௌபதி ரதம் கூரைக் குடிசை, பீம ரதத்துக்கு வண்டிக்கூண்டு வளைவுக் கூரை. தூணுக்கு மேலே கொடுங்கை வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் வரிசையாகக் கூடுகள். கூட்டுக்குள்ளிருந்து முகங்கள் 1,300 வருஷமாக எட்டிப் பார்க்கின்றன. கீல் இல்லை, கொண்டி இல்லை, உளுப்பு இல்லை என்று அந்த ஜன்னல்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் கொடுங்கையின் வேலை என்ன? மழையைச் சுவரிலிருந்து தள்ளி விழவைக்கும் இறவாரம் அது. உளுக்காத கல்லுக்கே அந்தச் சிற்பி இறவாரத்தை விடாமல் செதுக்கியிருக்கிறார். உளுக்கும் மரத்துக்கு நாங்கள் மொட்டைச் சன்ஷேடு ஒன்றை நீட்டிவிட்டு, மரம் சரியில்லை என்றோம். தட்சிணசித்ராவில் நான் பார்க்காமல் விட்டதும் இதுதான். அங்கே ஜன்னல்களை நனையாமல் வைத்திருந்தவை தாழ இறங்கிய ஓட்டுக்கூரையும் திண்ணைகளும். தேக்குக்கு அதில் பாதிப் புகழ்தான் சேரும்.

கல்லானால் கவலை இல்லை என்கிற என் எண்ணமும் கடற்கரைக் கோயில் வரைதான் தாங்கியது. உப்புக் காற்றில் அதன் சிற்பங்கள் முகம் மழுங்கி நிற்கின்றன. தொல்லியல் துறையினர் நனைத்த காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி வைக்கிறார்கள். அது காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு கூழுக்கு வந்துவிடும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அப்புகிறார்கள். கடல் நெருங்காமல் இருக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள், காற்றைத் தடுக்கச் சவுக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, மகேந்திரவர்மரின் வழிக்குப் போனாலும் பராமரிப்பிலிருந்து தப்பிக்க முடியாது போலிருக்கிறது. அப்பிய எதையும் பெருமையாக விட்டுவைக்காமல், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு உரித்துப்போடுகிறார்கள். நான் அப்பியதற்கும் அவர்கள் அப்புவதற்கும் இடையே உள்ள தூரம் அதுதான்.

ஹால் ஜன்னல் இப்போது நன்றாக இருக்கிறது. கொத்தனார் சன்ஷேடின் அடியில் காடி வெட்டினார். மழையில் தண்ணீர் நேராகச் சொட்டுவதைக் காட்ட விருந்தாளிகளை வெளியே அழைத்துப் போகிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். அழைப்புகள் குறைந்திருக்கின்றன. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எண்ணெய் பூசச் சொல்லியிருந்தார் ஆசாரி. எண்ணெய் வாங்கிவைத்திருக்கிறேன். வாங்கிவைப்பதில் எனக்கு எப்போதும் குறை கிடையாது.

போன வாரம் சமையலறை ஜன்னலிலும் விரல் பதிந்தது. இந்த முறை தாமதிக்காமல் ஆசாரிக்குப் போன் செய்தேன். பெருமையாகவே சொன்னேன், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம், எதையும் தொடவில்லை, நீங்கள் வந்து பாருங்கள் என்று.

“சரி சார், வரேன். பெயிண்ட் கியிண்ட் ஒண்ணும் அடிக்கலையே?”

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவதாக இருந்தான்.

“ஒரே ஒரு கோட்” என்றேன்.